சுங்குடிக் கடை வலைதளத்துக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மதுரை விளக்குத்தூண் பக்கம் எங்கள் பெரியப்பா சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறார். வெளியூர் ஆர்டர்கள் வலைதளம் வழியாகத்தான் வரும். தளத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே போகும் தகவலை மறையாக்க உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியானதால், இப்போது தளத்தைத் திறந்தாலே குரோம் முழுப்பக்க எச்சரிக்கை காட்டுகிறது. கோவையிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒரு அக்கா, "தம்பி, கார்டு நம்பர் போடலாமா? பயமா இருக்கே" என்று போன் செய்தார். அவராவது கேட்டார். எச்சரிக்கையைப் பார்த்ததும் பேசாமல் போனவர்கள் எத்தனை பேரோ!

தளத்தை இணையத்தில் வைக்க இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் சான்றிதழைப் புதுப்பிக்கப் பெரிய தொகை கேட்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் வழங்கும் அமைப்பு இலவசமாகவே தருகிறதே என்றால், "காசு கொடுத்தால்தானப்பா பாதுகாப்பு" என்கிறார் பெரியப்பா. வாடிக்கையாளர் தட்டும் முகவரி, கார்டு எண், கடவுச்சொல் எல்லாம் வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் ஆவது இரண்டிலும் ஒன்றுதான் என்று நான் சொல்லியும் அவருக்கு மனசு ஆறவில்லை. அப்புறம், 2026 மார்ச் 15 முதல் வழங்கும் சான்றிதழ்களுக்கு அதிகபட்ச ஆயுள் 200 நாள். 2029 மார்ச் 15 முதல் 47 நாள்தான். இனிமேல் கையால் புதுப்பிப்பது ஆகாத வேலை.

தளத்தை நிர்வகிக்கும் எங்கள் சிபேனல் பலகத்தில், சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் ஆட்டோ எஸ்எஸ்எல் வசதியை நிறுவனமே மூடி வைத்திருக்கிறது. இதற்கு, தளத்துக்கு முன்னால் நின்று சான்றிதழும் தரும் கிளவுட்ஃபிளேர் சேவை போதுமா, இல்லை ஹோஸ்டிங்கையே மாற்றிவிடலாமா? மாற்றினால் கடை மின்னஞ்சல் தடைபடாமல் இருக்க எதை முதலில் செய்ய வேண்டும்? பழைய சேலைப் படங்கள் பலவற்றின் இணைப்பு இன்னும் மறையாக்கம் இல்லாத 'எச்டிடிபி'யில்தான் இருக்கிறது. அவற்றை மொத்தமாக மாற்ற வழி உண்டா? தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். மதுரையிலேயே நேரில் வந்து பார்த்துத் தரக்கூடியவர் இருந்தாலும் சொல்லுங்கள், உரிய கூலி தருகிறோம்.