கூரை ஏசி: மழைக்கு ஒழுகவில்லை, ஓடும்போது மட்டும் சொட்டுகிறது

கேள்வி:

வணக்கம். எங்கள் கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், உள்ளே தங்கும் வண்டி) ஏழு மாதமாக நிறுத்தியே கிடந்தது. போன வாரம் கூரை ஏசியைப் போட்டேன். காற்று வருகிறது, குளிர்ச்சிதான் இல்லை. அரை மணி நேரத்தில் உள்கூரைச் சட்டத்தின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தையும் நனைந்துவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக் மேலே ஏறிக்கூடப் பார்க்கவில்லை. "கேஸ் போயிடுச்சு, யூனிட்டையே மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அடுத்த மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு புறப்படுகிறோம், அவருக்கு வெக்கை தாங்காது. நிறுத்தியிருந்த காலத்தில் நல்ல மழை பெய்தது, அப்போது ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. நானே செய்து பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

பதில்:

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். பன்னிரண்டு வருடமாக டிரெய்லர் வைத்திருக்கிறேன், இதே சொட்டு எனக்கும் வந்தது. மழைக்கு ஒழுகவில்லை என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

யூனிட் உட்கார்ந்திருக்கும் துளை பெரும்பாலும் 14 அங்குலச் சதுரம். அதைச் சுற்றி ஸ்பாஞ்சு மாதிரி ஒரு கேஸ்கெட் இருக்கும். அது கெட்டுப்போனால் மழைக்கு ஒழுகும். மழைக்கு ஒழுகாமல் ஏசி ஓடும்போது மட்டும் சொட்டினால், கூலிங் காயிலில் வடியும் தண்ணீருக்குப் போக வழி இல்லை என்று அர்த்தம். வீட்டு ஏசி மாதிரி இதில் பெரும்பாலும் தனிக் குழாய் கிடையாது. காயிலுக்கு அடியில் ஒரு தட்டு, தட்டின் ஓரத்தில் துளைகள், அதன் வழியே தண்ணீர் கூரை மேல் வழிந்து ஓட வேண்டும். துளை அடைத்தால் தட்டு நிரம்பி உள்ளே இறங்கும். வண்டி சாய்ந்து நின்றாலும் அப்படித்தான். அதனால் ஏறுவதற்கு முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

மேல் மூடியின் திருகுகளைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் திருகு ஓட்டையிலேயே விரிசல் விடும். உள்ளே குளவிக் கூடு, சருகு எதுவானாலும் கையுறை போட்டு எடுங்கள். துளைகளை மெல்லிய கம்பியால் குத்திவிட்டு, தட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வெளியே வழிகிறதா என்று பாருங்கள். காயிலை மென்மையான பிரஷ்ஷால் ஃபின் (காயில் மேல் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள்) போகும் திசையிலேயே தேயுங்கள், பிரஷர் வாஷரை மட்டும் காட்டாதீர்கள், ஃபின் எல்லாம் மடங்கிவிடும். இன்னொன்று: ஒழுகுகிறதே என்று யூனிட்டைச் சுற்றி சிலிகான் பூசுகிறார்கள். தண்ணீர் வெளியேறும் வழியையும் சேர்த்து அடைத்துவிடுவதுதான் அதில் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குளிர்ச்சி விஷயத்துக்கு உள்ளேயிருந்து சட்டத்தைக் கழற்ற வேண்டும். ஃபில்டரைக் கழுவிக் காய வையுங்கள். பயணத்தில் இருக்கும்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுவது நல்லது. அப்புறம், குளிர்காற்று வெளியே வரும் வழிக்கும் அறைக் காற்றை இழுக்கும் வழிக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். அதன் ஓரத்தில் இடைவெளி விழுந்தால் வந்த குளிர் அறைக்குள் போகாமல் திரும்ப உள்ளேயே இழுக்கப்படும். ஃபாயில் டேப் போட்டு ஒட்டுங்கள். கேஸ் குறைந்ததாகச் சொல்லப்படும் பல யூனிட்டுகளில் நான் பார்த்தது இந்த இடைவெளியைத்தான். இந்த ஏசிகளில் கேஸ் ஆலையிலேயே அடைத்து மூடப்பட்டது, பெரும்பாலானவற்றில் நிரப்புவதற்கு வால்வே இருக்காது. கசிவு இல்லாமல் அது குறையாது.

இன்னொருவர்:

மின்சார வேலை செய்கிறவன் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மூடியைத் திறக்கும் முன் வண்டியின் பிளக்கையே உருவிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. அதன் பிறகும் கெபாசிட்டரில் (மோட்டாரைக் கிளப்ப உதவும் சின்ன டப்பா) மின்சாரம் தங்கியிருக்கும், முனைகளைத் தொடாதீர்கள். அதன் தலை உப்பியிருந்தால் மாற்ற ஆள் கூப்பிடுங்கள். கம்ப்ரஸர் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது என்றால் நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரையும் சந்தேகப்படலாம். அணைத்த ஏசியை ஐந்து நிமிடமாவது விட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

இன்று காலையில் ஏறிப் பார்த்தேன். இரண்டு துளைகளிலும் குளவிக் கூட்டு மண், கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. உள்ளே தடுப்பின் டேப் ஒரு பக்கம் முழுக்கப் பிரிந்து தொங்கியது, விரலே நுழையும் அளவுக்கு இடைவெளி. ஒட்டிவிட்டு இருபது நிமிடம் ஓடவிட்டேன். உள்ளே இழுக்கும் இடத்தில் 31 டிகிரி, வெளியே வரும் இடத்தில் 20. இது போதுமா? கேஸ்கெட் போல்ட்டையும் இறுக்கிவிடட்டுமா?

பதில்:

11 டிகிரி வித்தியாசம் நன்றாகவே இருக்கிறது. பொதுவாக 9 முதல் 12 வரை வந்தால் சரி. போல்ட்டைத் தொட வேண்டாம். ஸ்பாஞ்சு ஏறக்குறைய பாதிக் கனத்துக்கு அமுங்கியிருந்தால் போதும், அதற்கு மேல் முறுக்கினால் நசுங்கி, மழைக்கும் ஒழுகத் தொடங்கும்.

ஊர் சுற்றி வந்து மறுபடி நிறுத்தும்போது, ஃபேனை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காயிலைக் காய வையுங்கள், பூஞ்சை வாடை வராது. அப்புறம் காற்றுப் போகும் துணி உறையை அடிவரைக்கும் இழுத்துக் கட்டுங்கள், குளவி நுழைய இடம் இருக்கக் கூடாது. உறை போட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஏசி சுவிட்சிலேயே ஒட்டிவிடுங்கள். உறையோடு ஓடினால் கம்ப்ரஸர் சூடேறிக் கெட்டுவிடும்.

அம்மாவின் படுக்கை ஏசிக்கு நேர் கீழே என்றால் காற்று வரும் இதழ்களைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.