கிராண்ட் பிரி (1966): பந்தயக் காட்சிகளைப் படமாக்கியது எப்படி?

கேள்வி:
ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கிய இப்படத்தில், மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் கார்கள் சீறிப் பாயும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் மலைப்பு அடங்குவதில்லை. கணினி வரைகலை இல்லாத காலத்தில் இதை எவ்வாறு எடுத்தார்கள்?

பதில் 1:
அரங்கில் நடிகரை உட்கார வைத்துப் பின்னால் திரையில் சாலைக் காட்சியை ஓடவிடும் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, கனமான கேமராக்களை ஓடும் கார்களிலேயே பொருத்தினார்கள். கதாநாயகனாக நடித்த ஜேம்ஸ் கார்னர் தம் காரைத் தாமே ஓட்டினார். 1961ஆம் ஆண்டின் கார் பந்தய உலக சாம்பியன் ஃபில் ஹில், கேமரா பொருத்திய காரை ஓட்டிக் கொடுத்தார். திரையில் தெரியும் கார்களில் பல, உயர்மட்டப் பந்தய வகையான ஃபார்முலா 1 போல உருமாற்றப்பட்ட, அதைவிடக் கீழ்நிலை வகையான ஃபார்முலா 3 கார்கள்.

பதில் 2:
ஒலியையும் கவனியுங்கள், நண்பரே. படத்தொகுப்பு, ஒலி, ஒலி விளைவு ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கர் கிடைத்தது முற்றிலும் தகும். காதல் பகுதிகள் சற்றுத் தொய்வானவைதாம். ஆனால் வடிவமைப்பாளர் சால் பாஸ் அமைத்த தொடக்கத் தலைப்புக் காட்சியில், புகைக்குழாயின் கரிய வாய் திரையை நிறைத்து, பிறகு அதே படம் பல கட்டங்களாகப் பெருகும் அந்த நிமிடங்களுக்காகவே இதைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும்.