பங்குனி–சித்திரைக் கைவேலை: வெட்டிக் கொடுத்த வண்ணத்துப்பூச்சி வேணுமா, வேண்டாமா?

வெட்டுஒட்டு:
மார்ச் கடைசியில எல்கேஜிக்கு வசந்தகால வேலை ஒண்ணு வைக்கணும். 25 பிள்ளைங்க, ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா, 40 நிமிஷம். இந்தக் கணக்குக்குள்ள ஒழுங்கா முடியறது டிஷ்யூ வண்ணத்துப்பூச்சி ஒண்ணுதான்.

வெள்ளை நாப்கினை நாலா மடிச்சு, ஸ்கெட்ச் பேனாவால புள்ளி வைக்கச் சொல்லுங்க. கோடு இழுத்தா தாள் கிழியும். மேல சொட்டு மருந்துக் குழாயால அஞ்சாறு சொட்டு தண்ணி. சாயம் பரவினதும் விரிச்சுக் காயவச்சு, நடுவுல சேர்த்துப் பிடிச்சு துணி கிளிப் மாட்டினா உடம்பு ரெடி.

கெட்டுப்போற இடம் மூணு. பர்மனென்ட் மார்க்கர், ஒயிட்போர்டு மார்க்கர் மை தண்ணியில கரையாது, அதனால பரவாது. எல்லா நிறத்தையும் கொடுத்தா கடைசியில சேத்து நிறம்தான் மிஞ்சும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மட்டும் போதும். செய்தித்தாள் மேல காயவச்சா பாதிச் சாயத்தை அது குடிச்சிடும். பிளாஸ்டிக் தட்டுல வைங்க, ஃபேனை நிறுத்துங்க.

புங்கமரம்:
செய்முறையில குறை சொல்ல ஒண்ணுமில்ல. கேள்வி வேற. இதுல பிள்ளை செஞ்சது என்ன? மடிச்சது டீச்சர், விரிச்சது ஆயாம்மா, கிளிப் மாட்டினது திரும்பவும் டீச்சர். பல பள்ளிகள்ல இதுக்கும் மேல போய், இறக்கையை முன்கூட்டியே வெட்டி, கொம்பையும் ஒட்டி வச்சிடறாங்க. பிள்ளை புள்ளி வைக்கிறதோட சரி. சுவத்துல 25 ஒரே மாதிரி பூச்சி. பெற்றோர் கூட்டத்துக்கான அலங்காரம் அது.

வெட்டுஒட்டு:
"பிள்ளை தானே செய்யணும்"னு சொல்றது சுலபம். படிப்படியா சொல்லிக் கொடுக்கிறது என்ன குத்தமா? கிண்டர்கார்ட்டன்னு பேரு வச்ச ஃப்ரோபெலே தாள் மடிப்பு, தாள் பின்னல்னு வரிசை வச்சுத்தான் பழக்கினார். 1939-ல அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரியோட முறையிலயும் உலோகச் சட்டத்தை வச்சு வரையிற பயிற்சி இருக்கு. அதுவும் முன்கூட்டியே செஞ்சு வச்ச வார்ப்புதானே?

புங்கமரம்:
அந்தச் சட்டத்தைப் பிள்ளையே பிடிக்குது, பிள்ளையே சுத்தி வரையுது, உள்ளே கோடு நிரப்புது. நீங்க வரைஞ்சு, வெட்டி, "இதை ஒட்டு"ன்னு நீட்டறதில்ல. வார்ப்பு இருக்கலாம். கத்தரிக்கோல் யார் கையில இருக்குங்கிறதுதான் பேச்சு.

வெட்டுஒட்டு:
நாலு வயசுக் கையில கத்தரிக்கோலைக் கொடுத்தா இறக்கை வராது, நார்தான் வரும்.

புங்கமரம்:
இறக்கை வெட்டச் சொன்னா வராதுதான். மூணு வயசுக்கு 2 செ.மீ. அகலத் தாள் பட்டை கொடுங்க: ஒரே கடியில துண்டாயிடும். நாலுல நேர்க்கோடு வரும், வளைவுக்கு பெரும்பாலும் அஞ்சு ஆகணும். பட்டை சார்ட் தாளா இருக்கணும்; நோட்டுத் தாள் மெல்லிசு, கத்தரி வாயில மடிஞ்சிக்கும். அப்புறம் "பிள்ளைக்கு வரல"ம்போம். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரியே வேணும். வலக்கைக் கத்தரியில அதுக்கு வெட்டுற கோடே கண்ணுக்குத் தெரியாது.

வெட்டின வெள்ளைத் துண்டுகள்ல அஞ்சு சேர்த்து ஒட்டினா வேப்பம்பூ. ஏன் அஞ்சுன்னா, வேப்பம்பூவுக்கு இதழ் அஞ்சு. ஒரு கொத்தைப் பறிச்சு மேசையில வச்சா அவங்களே எண்ணுவாங்க.

டொராண்டோத்தமிழ்:
நடுவுல ஒரு குறிப்பு. இங்க ஏப்ரல் பாதியிலயும் மரம் மொட்டையாத்தான் நிக்கும், பறிச்சு வைக்க பூ கிடையாது. அதனால வெட்டுஒட்டு சொன்ன பூச்சியைத்தான் செய்வாங்க, ஆனா காபி வடிதாள்ல. அது நனைஞ்சாலும் கிழியாத மாதிரி தயாரிச்ச தாள், மூணு வயசுக் கை முரட்டுத்தனத்தைத் தாங்கும். நாப்கின் தாங்காது.

வெட்டுஒட்டு:
நம்ம ஊர்ல ஃபில்டர்னா பித்தளை, இல்லன்னா எவர்சில்வர்! நாப்கினை அடுக்கு பிரிக்காம அப்படியே வைங்க, தாங்கும்.

இலவம்பஞ்சு:
பூச்சி, பூ ரெண்டையும் விடுங்க. இந்த மாசம் இலவங்காய் வெடிச்சு பஞ்சு சும்மா கிடைக்கும். அட்டையில பசை தடவி, பஞ்சை அழுத்தினா கோழிக்குஞ்சு. மஞ்சள்தூள் தூவினா நிறமும் வந்துடும். கண்ணுக்குக் குன்றிமணி, பிள்ளையாருக்கு வைக்கிற மாதிரி.

மருந்துக்கடைக்காரர்:
குன்றிமணி வேண்டவே வேண்டாம். முழுசா விழுங்கினா கெட்டித் தோலால கரையாம வெளியேறிடலாம். ஆனா கடிச்சாலோ, மணி கோக்க ஊசியால துளை போட்டிருந்தாலோ உள்ளே இருக்கிற நஞ்சு உயிருக்கே ஆபத்து. சதுர்த்திக்கு வீட்டுல பெரியவங்க வைக்கிறதும், 25 பிள்ளைங்க கையில கொடுக்கிறதும் ஒண்ணில்ல. ஆமணக்கு விதையும் அதே ரகம். அரளிப்பூ பார்க்க அழகு, செடி முழுக்க நஞ்சு. எருக்கம்பால் கண்ணுல பட்டா கருவிழியைக் கெடுக்கும்.

பஞ்சும் முழு வகுப்புக்கு ஆகாது. பிய்க்கும்போது பறக்கிற தூசு வீசிங் இருக்கிற பிள்ளைக்கு இழுப்பைக் கிளப்பலாம். கண் வேணும்னா கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால ஒரு புள்ளி, அவ்வளவுதான். கடையில விக்கிற ஆடுற கண்ணும் எல்கேஜிக்கு வேண்டாம். பிய்ச்சா நேரா வாய்க்குத்தான் போகும்.

இலவம்பஞ்சு:
குன்றிமணி விஷயம் ஒத்துக்கிறேன். பசைக்கு மைதா காய்ச்சலாம்ல, அதுல ஒண்ணும் இல்லையே?

மருந்துக்கடைக்காரர்:
காய்ச்சலாம். மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) மட்டும் கலக்காதீங்க. பூச்சி அரிக்காம இருக்க சுவரொட்டிப் பசையில, பைண்டிங் பசையில போடற பழக்கம் இருக்கு, அது நஞ்சு. கால் கப் மைதாவை முதல்ல கால் கப் பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரைங்க. கொதிக்கிற ஒரு கப் தண்ணியில ஊத்தி, கண்ணாடி மாதிரி ஆகிறவரை சிறுதீயில கிண்டுங்க. 25 பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு கரண்டி வரும். இந்த வெயிலுக்கு மறுநாளே புளிச்சிடும், அன்னன்னைக்குக் காய்ச்சுங்க. கோதுமை ஒத்துக்காத பிள்ளை இருந்தா அரிசிக்கஞ்சிப் பசை.

புங்கமரம்:
அந்தப் பசைக்கு ஏத்த வேலை சரக்கொன்றை. ஏப்ரல்ல தெருவுக்குத் தெரு பூத்துத் தொங்கும். கொத்தைக் கிட்டப் பிடிச்சுக் காட்டுங்க: மேல விரிஞ்ச பூ, கீழே போகப் போக உருண்டை மொட்டு, நுனியில மிளகளவு. இதைப் பார்த்துட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கணும். காய், விதையை வாயில வைக்க விடாதீங்க, வயித்தைக் கலக்கும்.

பச்சை சார்ட்ல 2 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளப் பட்டை. மஞ்சள் க்ரேப் தாள்ல (சுருக்கம் சுருக்கமா இருக்கிற மெல்லிசுத் தாள்) 4 செ.மீ. சதுரம் பத்து, 2 செ.மீ. சதுரம் எட்டு. பெரிசை விரல் நுனியால லேசாக் கசக்கினா பூ, சின்னதை இறுக்கி உருட்டினா மொட்டு. உள்ளங்கையில உருட்டினா எல்லாமே லட்டாயிடும், விரலுக்கு வேலையே இருக்காது. பசையை ஆள்காட்டி விரலால ஒரு பொட்டு மட்டும். கூடினா க்ரேப் தாள் சாயம் விட்டு, கையும் பட்டையும் மஞ்சளாயிடும்.

வார்ப்பு கிடையாது, அதனால 25 கொத்தும் 25 விதமா வரும். ஒருத்தன் மொட்டை மேல ஒட்டுவான். ஒட்டட்டும்.

வெட்டுஒட்டு:
ஒரு பிள்ளைக்கு 18 சதுரம்னா, 25 பிள்ளைக்கு 450. அதை யார் வெட்டறது? டீச்சர்தான், ராத்திரி வீட்டுல உக்காந்து. இப்ப முன்கூட்டி வெட்டறது நீங்களா நானா?

புங்கமரம்:
நியாயமான அடி. சதுரமா வெட்டாதீங்க. 4 செ.மீ. பட்டையா வெட்டிக் கொடுங்க, துண்டு போடறதைப் பிள்ளைங்களே கையால செய்யட்டும். க்ரேப் தாள் சுருக்கம் ஓடற பக்கமாத்தான் நேராக் கிழியும், குறுக்க இழுத்தா நீளும். அதனால பட்டையைச் சுருக்கத்துக்குக் குறுக்க கத்தரியால வெட்டிட்டா, பிள்ளைங்க துண்டு போடறது சுருக்கத்தோட போகும். சதுரம் கோணினா பூவுக்கு ஒண்ணும் ஆகாது.

வெட்டுஒட்டு:
அப்பவும் 40 நிமிஷத்துல முடியாது. முதல் நாள் கிழிச்சு உருட்டி ஆளுக்கொரு கிண்ணத்துல, ரெண்டாம் நாள் ஒட்டல். இப்படின்னா சம்மதம். என் பூச்சியையும் விடமாட்டேன்: மடிக்கிறதையும் கிளிப் மாட்டறதையும் பிள்ளைங்ககிட்டயே கொடுத்துடறேன். கிளிப்பை அமுக்கித் திறக்கிறது பென்சில் பிடிக்கிற விரலுக்கு உங்க கொன்றையை விட நல்ல பயிற்சி.

புங்கமரம்:
புது மரக் கிளிப் ஸ்பிரிங் விறைப்பா இருக்கும், நாலு வயசு விரலுக்கு அடங்காது. பழசாப் பார்த்து எடுங்க. கொன்றையை ஒட்டறதுக்கு முன்னாடியே பிள்ளை பேரைப் பட்டைக்குப் பின்னால பென்சில்ல எழுதிடுங்க. ஸ்கெட்ச் பேனான்னா பசை ஈரத்துல பேரும் வண்ணத்துப்பூச்சியாப் பரவிடும்.