மறு: ப்ராசஸ் என்பதற்குச் ‘செயல்’ போதுமா?

நண்பர்களே,

கணினியின் இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்) பற்றிய பாடத்தின் மூன்றாம் அலகை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். இரண்டு நாளாக ஒரே வரியில் நிற்கிறேன். ‘செயலி ஒவ்வொரு செயலின் கட்டளைகளையும் எடுத்துச் செயற்படுத்துகிறது.’ இதில் செயலி என்றது ப்ராசசரை, செயல் என்றது ப்ராசஸை. இதை வகுப்பில் படித்துக் காட்டியபோது ஒரு மாணவி, “எந்தச் செயலி, ஃபோனில் இருக்கிறதா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நுண்செயலி, சொற்செயலி என்று ப்ராசசருக்குப் புழங்கிய பெயரையே ஆப்புக்கும் கொடுத்துவிட்டோம்.

ஆங்கிலத்தில் ப்ராசஸ் என்று ஒரே சொல் இருந்தால் தமிழிலும் ஒன்றே வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தோலைப் பதப்படுத்துகிறோம், படச்சுருளைக் கழுவுகிறோம், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறோம். நீதிமன்றத்தில் அதே ப்ராசஸ் அழைப்பாணை. உடற்கூற்றியலில் எலும்பின் புடைப்பு. லத்தீன் வேருக்கு முன்னே போவது என்று பொருள் இருப்பதால் ‘முன்செலவு’ என்றார் ஒருவர். சங்கப் பாட்டில் செலவு பயணம்தான். இன்று படிப்பவர் கணக்கு நோட்டைத் தேடுவார்.

டேட்டா ப்ராசசிங்குக்கு வந்த ‘தரவுப் பதப்படுத்தல்’ எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. பதம் வடசொல் என்று தள்ளியவருக்கு ஒரு வார்த்தை. நன்னூலின் பதவியலில் வருவது சொல் என்னும் பதம், அது வடசொல்தான். குறள் 548-இல் ‘எண்பதத்தான்’ என்று வருவது வேறு பதம், காட்சிக்கு எளிய செவ்வி. பக்குவம் என்ற பொருளும் இதற்குத்தான் நெருக்கம். ஆனாலும் பதப்படுத்தல் என்றதும் கெடாமல் காப்பது நினைவுக்கு வருகிறது, எனவே மனமில்லாமல் கைவிடுகிறேன்.

தொல்காப்பியம் தொழில்முதனிலை, அதாவது ஒரு தொழில் நிகழக் காரணமாக நிற்பவை, எட்டு என்கிறது: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். நம் குழப்பத்தை இதில் போட்டுப் பாருங்கள். ப்ராசசர் கருவி, தரவு செயப்படுபொருள், ப்ராசசிங் வினை. இயங்குதளம் சொல்லும் ப்ராசஸ் இவற்றில் எதுவும் இல்லை. நினைவகத்தில் ஏறி ஓடத் தொடங்கிய நிரல் (ப்ரோகிராம்) அது. அதனால் ‘ஓடுநிரல்’ என்கிறேன். ‘நிகழ்நிரல்’ என்றும் யோசித்தேன், கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலோடு மோதுகிறது.

காத்திருக்கும் ப்ராசஸ் ஓடவில்லையே, முடிந்தும் பட்டியலில் பெயர் நீங்காத ஸோம்பி ப்ராசஸ் எப்படி ஓடுநிரல் ஆகும் என்ற மறுப்புக்கு இலக்கணமே பதில் சொல்கிறது. எரிமலை போல இது வினைத்தொகை: ஓடிய நிரல், ஓடுகின்ற நிரல், ஓடும் நிரல் மூன்றும் அடங்கும். அடங்கி நிற்கும் மலையையும் எரிமலை என்றுதானே சொல்கிறோம்?

இலங்கை நண்பரின் மறுப்புக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. இன்புட், ப்ராசஸ், அவுட்புட் மூன்றையும் உள்ளீடு, முறைவழி, வருவிளைவு என்று அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கிறார்கள். இன்னொரு சொல் எதற்கு என்கிறார். முறைவழி படிப்படியாக நடக்கும் வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ‘நான்கு முறைவழிகள் காத்திருக்கின்றன’ என்று என்னால் எழுத முடியவில்லை.

சரி, நாள் நெருங்குகிறது. ப்ராசசரை ஆப்பிலிருந்து பிரிக்க ‘மையச் செயலி’, ப்ராசசிங்குக்குச் ‘செயலாக்கம்’, ப்ராசசுக்கு ‘ஓடுநிரல்’, முதல் இடத்தில் மட்டும் ப்ராசஸ் என்றும் சேர்த்து எழுதி அனுப்புகிறேன். ஓடு என்றால் ஆமை ஓடும் நினைவுக்கு வரும் என்று நேற்று எழுதியவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. சனிக்கிழமை இரவுக்குள் அவரோ வேறு யாரோ இதைவிட நல்ல சொல் தந்தால் அலகு முழுக்க மாற்றிவிடுகிறேன்.