பாம்பன் பாலத்தின் மேல் மட்டும் படம் திணறுகிறது, உதவுங்கள்

வணக்கம், மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டான விமான சிமுலேட்டரில், செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை மதுரையில் கிளப்பினால், ராமநாதபுரம் வரை நொடிக்கு 40 ஃபிரேம் குறையாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. பாம்பன் பாலத்தின் மேல் தாழ்வாகத் திரும்பினால் போதும், 14-க்கு விழுந்து படம் விக்கி விக்கி நகர்கிறது. பாலத்தின் இரும்புச் சட்டங்களின் விளிம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் நெளிகிறது. கடல் மட்டும் அச்சு அசல் நம் கடல்தான், அதில் குறையில்லை.

கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி, ரேம் 16 ஜிபி, திரை 1080. நிழலையும் மேகத்தையும் குறைத்தேன், பலன் சொற்பம். விளிம்புகளின் நெளிவை மழுப்பும் ஆன்டி அலியாசிங்கை 8 மடங்கிலிருந்து 4 ஆக்கினால் வேகம் வருகிறது, எறும்புகளும் பெருகுகின்றன. டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) ‘அல்ட்ரா’ என்ற உச்ச தரத்தில் இருப்பதால் கார்டின் நினைவகம் நிரம்பிவிடுகிறதோ என்று சந்தேகம். சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை. உப்புக்காற்றில் கணினிப் பெட்டியின் திருகுகள் துருவேறிக் கிடந்தாலும், விசிறியைத் துடைத்துவிட்டேன்.

ஆன்டி அலியாசிங்கை விளையாட்டுக்குள் வைப்பதா, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் வைப்பதா? இரண்டிலும் வைத்தால் ஒன்றோடொன்று மோதுமா? ஃபிரேமை 30-க்கு மேல் போகாமல் கட்டிவைத்தால் விக்கல் நிற்குமா? ‘புதுக் கார்டு வாங்குங்கள்’ என்ற யோசனை மட்டும் வேண்டாம். அதை வீட்டில் சொல்லும் துணிவு எனக்கில்லை.