வீட்டில் நாமே செய்த கல்யாணப் பத்திரிகை: கையில் கொடுத்தபோது என்ன நடந்தது?

பாளை_மகள்

தங்கச்சி கல்யாணத்துக்கு நாங்களே பத்திரிகை செய்தோம். கடையில் கார்டு ஒன்றுக்கு 38 ரூபாய் கேட்டார்கள். 500 கார்டுக்கு 19,000. அப்பாவின் ஓய்வுப் பணம் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறி. அதனால் பழுப்பு நிற கிராஃப்ட் தாள், ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட், மூலையில் ஒரு சின்னக் கோலம். கோலத்தை அழிரப்பரில் பிளேடால் செதுக்கி, சிவப்பு ஸ்டாம்ப் மையில் தொட்டு ஒவ்வொரு கார்டிலும் தங்கச்சியே அச்சு வைத்தாள். கவரோடு சேர்த்து கார்டுக்கு 9 ரூபாய்க்குள் முடிந்தது.

கல்லிடைக்குறிச்சி பெரியப்பா வீட்டில் அம்மா தாம்பாளத்தை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பத்திரிகை. பெரியப்பா எடுத்தார், படிக்கவில்லை. பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தங்க எழுத்து மேடாக இருக்கும் என்று தேடினார் போல. அப்புறம் என்னைப் பார்த்து, "ஏட்டி, நல்ல பத்திரிகை அடிக்கலையா? இது கடை கவர் மாதிரில்லா இருக்கு" என்றார்.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பா கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தார், மொய், சீர் என்று செய்முறையிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் அம்மா நின்ற நிலை எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

டவுன்_ரதவீதி

38 ரூபாய் கேட்டால் அடுத்த கடைக்குப் போக வேண்டியதுதானே? நம் திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி வழியாகக் காலையில் கிளம்பினால் சிவகாசி போய் ரெடிமேட் கார்டு எடுத்துக்கொண்டு ராத்திரி வீடு திரும்பலாம். ஒரே கலரில் அச்சடித்தால் போதும். பெரியப்பாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பெரியவர்களுக்குப் பத்திரிகை என்பது மரியாதை.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அண்ணன் பத்திரிகையைத் தெரிந்த பையன் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தான். அந்தக் கோப்பை ஜங்ஷனில் ஒரு கடையில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் கமாவும் புள்ளியும். அந்த கம்ப்யூட்டரில் பாமினி இல்லை. பக்கத்தில் நின்றது எங்கள் தாய்மாமன். "என் பேரு எங்கல?" என்று திரையில் விரல் வைத்துத் தேடினார். இதுதான் மாமா என்று குப்பையாகக் கிடந்த ஒரு வரியைக் காட்ட வேண்டியிருந்தது. முகம் விழுந்துவிட்டது மனுஷனுக்கு. எந்த கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடியுங்கள், இல்லையென்றால் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்கள்.

அம்பை_மைனி

பாளை மகள், உங்கள் அம்மா பேசாமல் நின்றாள் என்று படித்ததும் எங்கள் அத்தை ஞாபகம் வந்தது. கொழுந்தன் கல்யாணம். வீட்டிலிருந்த இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்தோம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் பத்திரிகையை எங்கள் குலதெய்வம் சாஸ்தாவுக்கு வைக்கப் போனோம். அத்தை மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து நாலு மூலையிலும் தொட்டு வைத்தாள். மேல் ஓரத்தில் நீலம் பரவியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "சாஸ்தா துணை" என்ற வரியின் கடைசி எழுத்து கரைந்து மஞ்சளோடு கலந்து பச்சையானது. அத்தையின் விரல் அப்படியே நின்றுவிட்டது. பூசாரி அண்ணாச்சிதான், "சாமிக்கு வச்சாச்சு, இருக்கட்டும் தாயி" என்று வாங்கி வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை யாரோடும் பேசவில்லை.

வீட்டில் செய்யப்போகிறவர்கள் கேளுங்கள். லேசர் பிரிண்டர் மை என்பது சூட்டில் உருகித் தாளில் ஒட்டும் பிளாஸ்டிக் தூள். மஞ்சள் தண்ணீர் பட்டாலும் ஓடாது. இங்க்ஜெட்டில் சாய மை என்றால் கரையும். பிக்மென்ட் மை (தண்ணீரில் கரையாத நிறத்தூள் கலந்தது) என்றால் பெரும்பாலும் தாங்கும், ஆனாலும் ஒரு கார்டில் மஞ்சள் தொட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடியுங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு). கையில் எடுத்தால் கார்டு என்று தெரிய 250க்கு மேல் வேண்டும். வீட்டுப் பிரிண்டர் பல அதை இழுக்காது, பின்பக்கத் தட்டு வழியாக நேராகப் போகிற மாதிரி மிஷினாகப் பாருங்கள். ஏ4 தாளை ஒருமுறை மடித்தால் நாலு பக்கம் வரும், நம் ஊர்ப் பெயர்ப் பட்டியலுக்கு அந்த இடம் வேண்டும். மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், மடிப்பு சீராக விழும். மடிப்பின் மேல் அடர்ந்த கலர் வேண்டாம், லேசர் மை அங்கே விரிசல் விட்டு வெள்ளை தெரியும்.

அப்புறம் தங்க எழுத்து. லேசர் மையில் ஒட்டுகிற தங்கத் தாள் இருக்கிறது. அச்சான எழுத்தின் மேல் அதை வைத்து லேமினேஷன் மிஷினில் விட்டு, சூடு ஆறியதும் உரித்தால் எழுத்தில் மட்டும் தங்கம் நிற்கும். மாப்பிள்ளை, பெண் பெயருக்கு மட்டும் செய்தால் செலவு கையைக் கடிக்காது. பெரியப்பாக்களுக்குக் கொடுக்கிற கார்டுக்காவது செய்யலாம்.

மேலப்பாளையம்_தம்பி

நான் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அழகான வீடியோ. உம்மாவின் கூடப் படித்த ஒரு மாமி வரவில்லை. நிக்காஹ் முடிந்து நேரில் போய்க் கேட்டேன். "போன்ல கூப்பிட்ட, நானும் போன்ல துஆ (பிரார்த்தனை) செஞ்சுட்டேன் வாப்பா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் குத்துகிறது. தம்பி கல்யாணத்துக்கு வாட்ஸ்அப் போக, பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கெல்லாம் சாதா கார்டு அடித்துக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பனங்காட்டுப்_பேத்தி

டவுன் அண்ணாச்சி, மரியாதை விலையில் இருக்கிறது என்று சொல்வதை ஏற்க முடியாது. நாங்கள் பாளையங்கோட்டையில் சபைக் குடும்பம். அக்கா கல்யாணத்துக்கு ஒற்றைக் கார்டு, வசனம், பெயர்கள், ஆராதனை நேரம், அவ்வளவுதான். ரிப்பனுக்குப் பதில் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பனங்குருத்தோலையைக் கீறிக் கட்டினோம். நன்றாக வெயிலில் காய்ந்த ஓலை, கட்டும் முன் கொஞ்ச நேரம் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒடியாது. ஈரத்தோடு பெட்டியில் அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், காயவிட்டு அடுக்க வேண்டும்.

எங்கள் ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. சின்ன வயதில் ஓலைப்பெட்டி முடைந்தவள். கார்டைக் கையில் கொடுத்ததும் முடிச்சைத்தான் முதலில் பிடித்தாள். "யாரு கட்டுனது? இப்படியா கட்டுவாவ?" என்று அவிழ்த்தாள். மிச்சக் கார்டெல்லாம் எங்கே என்று கேட்டு, தார்சாலில் (வீட்டு முன்கூடத்தில்) காலை நீட்டி உட்கார்ந்து அத்தனையையும் தானே பிரித்துக் கட்டினாள். யாரையும் தொட விடவில்லை. மூன்றாம் ஓலை, அதாவது சபையில் கல்யாண அறிவிப்பு, வாசிக்கிற ஞாயிறன்று கோயிலில் எல்லோரிடமும் "முடிச்சு என்னுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கார்டு என்ன விலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

டவுன்_ரதவீதி

தாயி, உங்கள் ஆச்சி பெரிய மனுஷி. ஆனால் ஓலை முடியத் தெரிந்த ஆச்சி எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்? விலையில்தான் மரியாதை என்று நான் சொல்லவே இல்லை. ரெடிமேட் கார்டிலும் மலிவு உண்டு என்றுதான் சொன்னேன்.

சேரன்மாதேவி_ரோடு

பத்திரிகையில் மிச்சம் பிடித்த பணத்தில் பத்தமடையில் கல்யாணப் பாய்க்குச் சொன்னோம், பெண் மாப்பிள்ளை பெயரும் தேதியும் போட்டு மெல்லிய கோரையில் நெய்கிற பட்டுப்பாய். பெயரைப் பார்த்து நெய்யப் பத்திரிகை ஒன்று கொடுங்கள் என்றார் பாய் நெய்கிற அக்கா. எங்கள் கார்டில் பெயர் மட்டும் வளைந்து நெளிந்த எழுத்து, மச்சான் ஆசைப்பட்டுப் போட்டது. அக்கா அதைத் தறிக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ன-வா ள-வா?" என்று கேட்டார். கூட வந்த பெண்ணின் அப்பாவும் வாங்கிப் பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. சொந்த மகள் பெயர். கடைசியில் ஒரு துண்டுத் தாளில் அவரே பெரிசாக எழுதிக் கொடுத்தார், பாயில் அந்த எழுத்துத்தான் வந்தது.

தங்கத் தாள், ஓலை எதுவானாலும் போடுங்கள். பெயரும் தேதியும் மண்டபத்துக்கு வழியும் நேரான எழுத்தில், கண்ணாடி போடாமல் ஒரு தாத்தா படிக்கிற அளவில் இருக்கட்டும். அச்சுக்கு அனுப்பும் முன் இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்து, பெயர்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன சித்தப்பா யார் என்று அப்போதே தெரிந்துவிடும்.