ஏழு பட்டங்கள் வென்ற புரோ வெர்செல்லி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது எப்படி?

மூலைக்கொடி (கேள்வி):

இத்தாலிய லீக்கில் அதிகப் பட்டங்கள் வென்ற அணிகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யுவென்டஸ், இன்டர், மிலான், ஜெனோவா ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, டொரினோவுக்கும் போலோஞாவுக்கும் சமமாக ஏழு பட்டங்களுடன் புரோ வெர்செல்லி என்றோர் அணி இருக்கிறது. ரோமாவுக்கு மூன்று, லாட்சியோவுக்கு இரண்டு என்று பார்க்கும்போது இது வியப்பைத் தருகிறது. கடந்த சில ஆண்டுகளாக அந்த அணி மூன்றாம் அடுக்கான சீரி சியில்தான் ஆடிவருகிறது. எனக்கு இரண்டு ஐயங்கள். அந்தப் பட்டங்கள் போதிய போட்டி இல்லாத காலத்தில் கிடைத்தவையா? அவ்வளவு உயரத்தில் இருந்த அணி ஏன் இப்படிச் சரிந்தது?

நடுக்களம்:

வெர்செல்லி, டுரினுக்கும் மிலானுக்கும் இடையில் நெல் வயல்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரம். அங்கு 1892இல் தொடங்கிய உடற்பயிற்சிச் சங்கத்தில் 1903இல்தான் கால்பந்துப் பிரிவு உருவாயிற்று. அதற்குக் காரணமாக இருந்த மார்செல்லோ பெர்டினெட்டி அடிப்படையில் ஒரு வாள்வீச்சு வீரர். பின்னாளில் 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளில் குழுப் பிரிவில் தங்கம் வென்றவர். ஆட்டத்தைவிட உடல் வலுவையும் கட்டுப்பாட்டையும் முதலில் கற்ற ஒரு கூட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

உங்கள் முதல் ஐயத்தில் ஓரளவு நியாயம் உண்டு. 1908இல் இத்தாலியர் மட்டுமே ஆடலாம் என்று இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு விதித்ததால், வெளிநாட்டு வீரர்களை நம்பியிருந்த ஜெனோவா, மிலான் போன்ற சங்கங்கள் விலகி நின்றன; புரோ வெர்செல்லி தன் முதல் பட்டத்தை வென்றது. ஆனால் அடுத்த ஆண்டே வெளிநாட்டவருக்கும் இடமளித்த போட்டியிலும் அதே அணிதான் வென்றது என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு 1911, 1912, 1913 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். 1913 இறுதி ஆட்டத்தில் லாட்சியோவை 6-0 என்று வீழ்த்தினார்கள். அதே ஆண்டு மே 1ஆம் நாள் டுரினில் பெல்ஜியத்தை 1-0 என்று வென்ற இத்தாலிய தேசிய அணியின் பதினொருவரில் ஒன்பது பேர் புரோ வெர்செல்லி வீரர்கள். கோல் அடித்த குயிதோ ஆராவும் அவர்களில் ஒருவர். வேறென்ன சான்று வேண்டும்?

இடையில் விடுபட்ட 1910ஆம் ஆண்டின் கதை தனிச்சுவை உடையது. இன்டரும் புரோ வெர்செல்லியும் சம புள்ளிகளில் நின்றதால் பட்டத்தைத் தீர்மானிக்க ஒரு கூடுதல் ஆட்டம் ஏப்ரல் 24க்குக் குறிக்கப்பட்டது. அந்த நாளில் தங்கள் வீரர்கள் சிலர் இராணுவப் போட்டி ஒன்றில் ஆட வேண்டியிருப்பதால் தேதியை மாற்றுமாறு வெர்செல்லிக்காரர்கள் கேட்டார்கள், மறுப்புதான் கிடைத்தது. சினம் கொண்ட சங்கம் தன் சிறுவர் அணியைக் களத்தில் இறக்கியது. இன்டர் 10-3 என்று வென்று தன் முதல் பட்டத்தை அப்படித்தான் பெற்றது. வளர்ந்த ஆட்களுக்கு எதிராக அந்தச் சிறுவர்கள் மூன்று கோல் போட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

பழைய பந்து:

நடுக்களம் கூறியவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பெருமையைச் சற்று அளந்து பேசுவது நல்லது. 1913 மே மாதத்தில் இத்தாலிக்கு வந்த ஆங்கிலேய அணியான ரெடிங், இதே புரோ வெர்செல்லியை 6-0 என்று தோற்கடித்தது. இத்தாலியில் அவர்கள் சிறந்தவர்கள் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இத்தாலியக் கால்பந்தே அப்போது அவ்வளவுதான்.

சரிவுக்கு வருவோம். முதல் உலகப் போருக்குப் பின் 1921, 1922 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் வென்றார்கள். (1922இல் சங்கங்கள் இரண்டாகப் பிளந்து இரு லீக்குகள் நடந்தன, மற்றதில் வென்ற நோவேசேயும் அதிகாரப்பூர்வச் சாம்பியன்தான்.) சரிவின் தொடக்கம் 1923 என்பது என் கருத்து. ஆட்டத்துக்கு ஊதியம் பெறுவது விதிப்படி தடைசெய்யப்பட்டிருந்த அந்தக் காலத்தில், பியட் கார் நிறுவனத்தை நடத்திய அந்நியெல்லி குடும்பத்தின் கைக்கு அப்போதுதான் வந்திருந்த யுவென்டஸ், வெர்செல்லியின் தற்காப்பு வீரர் விர்ஜீனியோ ரொசெட்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பெரும் வழக்காக மாறிய அந்த விவகாரத்தில் கூட்டமைப்பு மாற்றத்தைச் செல்லாததாக்கியதால், அவர் ஆடிய ஆட்டங்களை யுவென்டஸ் இழந்தது. ஆனாலும் அடுத்த பருவத்திலிருந்து ரொசெட்டா யுவென்டஸ் வீரர்தான். 1926இல் வியாரெஜ்ஜோ சாசனம் என்ற புதிய விதித்தொகுப்பு ஊதியம் பெறும் வீரர்களை நடைமுறையில் ஏற்றுக்கொண்ட பிறகு, கார் தொழிற்சாலை உள்ள நகரத்தோடு நெல் விளையும் நகரம் ஏலத்தில் போட்டியிட முடியுமா?

இருந்தும் மண் வறண்டுவிடவில்லை. பக்கத்து ஊரான ரொப்பியோவில் பிறந்த முன்கள வீரர் சில்வியோ பியோலா அங்குதான் வளர்ந்தார். 1933 அக்டோபரில் பியோரென்டினாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஆறு கோல்கள் அடித்தார். மறு ஆண்டு லாட்சியோவுக்கு விற்கப்பட்டார். அவர் இல்லாத முதல் பருவத்திலேயே, அதாவது 1935இல், அணி முதல் அடுக்கான சீரி ஏயிலிருந்து இறங்கியது, இன்றுவரை திரும்பவில்லை. பியோலாவோ மொத்தம் 274 கோல்களுடன் சீரி ஏயின் எக்காலத்துக்குமான சாதனையாளராக நிற்கிறார்.

மூலைக்கொடி:

இருவருக்கும் நன்றி. திறமைக் குறைவைவிடப் பணப் பற்றாக்குறைதான் காரணம் என்று புரிகிறது. இன்னொரு கேள்வி: இன்று அந்தப் பெயரில் ஆடுவது அதே சங்கம்தானா? இடையில் கலைக்கப்பட்டதாக எங்கோ படித்தேன்.

நடுக்களம்:

சட்டப்படி பார்த்தால் இல்லை. 2010இல் நிதி நெருக்கடியால் பழைய சங்கம் லீக்கிலிருந்து வெளியேறியது. அதே நகரின் மற்றொரு சங்கமான புரோ பெல்வெதேரே அந்தப் பெயரை ஏற்று, 1892 என்ற ஆண்டையும் பெயரோடு சேர்த்துக்கொண்டது. ஆனால் வெள்ளைச் சட்டையும் ஊரும் அரங்கும் மாறாதபோது ரசிகர் எவரும் அதை வேறு அணியாகக் கருதுவதில்லை. அந்தப் புதிய சங்கம்தான் 2012இல் பிளேஆஃபில் கார்ப்பியை வென்று, 64 ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாம் அடுக்கான சீரி பிக்கு ஏறியது. மறு ஆண்டு இறங்கி, 2014இல் மீண்டும் ஏறி, 2018 வரை அங்கே தாக்குப்பிடித்தது.

பழைய பந்து:

ஒரு சிறு துணுக்கு. பியோலா தன் ஆட்ட வாழ்க்கையைப் பக்கத்து நகரான நோவாராவில் முடித்தார். வெர்செல்லிக்கும் நோவாராவுக்கும் நெடுநாள் பகை. இரு நகரங்களும் தங்கள் அரங்குக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கின்றன. ஆகவே இந்த இரு அணிகளும் எந்த ஊரில் மோதினாலும் நுழைவுச்சீட்டில் அரங்கின் பெயர் சில்வியோ பியோலாதான்.